பிரிவு எழுதிக்கொடுக்க இருபது நாள்: துகிலியலா, பதிப்போவியமா?

சென்னிமலை இழை | மே 20, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். வெளியூரில் ஓர் ஓவியக் கல்லூரியில் நான்காண்டுக் கவின்கலைப் பட்டம் படிக்கிறேன். முதலாண்டு முடிந்திருக்கிறது. எங்கள் கல்லூரியில் முதலாண்டு அனைவருக்கும் பொது: கோட்டோவியம், களிமண், வண்ணம், எழுத்துரு என்று எல்லா அறைகளிலும் சில வாரங்கள் இருக்கலாம். இரண்டாம் ஆண்டு முதல் ஒரே அறைதான். கல்லூரி திறக்கும் அன்று பிரிவை எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தறி இருக்கிறது. அப்பாரு (தாத்தா) காலத்தில் நான்கு ஓடின, இப்போது ஒன்று. அப்பா போர்வை நெய்கிறார். துகிலியல் என்பது துணி வடிவமைப்புப் பிரிவு. "துகிலியலை எடுத்துக்கொள் அம்மணி, பஸ் ஏறினால் திருப்பூர், இந்தப் பக்கம் கரூர்" என்கிறார். அதில் தவறு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது, தகட்டிலோ கட்டையிலோ படம் செய்து தாளில் அச்செடுக்கும் பதிப்போவிய அறை. மூன்று வாரம்தான் அங்கே இருந்தோம். துத்தநாகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போட்டுக் காத்திருந்து, மை தடவித் துடைத்து, ஈரத்தாளை மேலே வைத்து உருளை அச்சில் ஓட்டினோம். அந்தத் தாளை ஓரம் பிடித்து உரிக்கும்போது வயிற்றில் ஏதோ செய்தது. இதை வீட்டில் சொன்னேன். "சரி, அதை வாங்கி யார் என்ன செய்வார்கள்?" என்று கேட்டார் அப்பா. கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வண்ண ஓவியப் பிரிவு எனக்கு வேண்டாம். பெரிய கித்தான் முன் நின்றால் கை நடுங்குகிறது.

பதிப்போவியம் படித்துவிட்டு நம் பக்கம் பிழைக்க முடியுமா?

கணக்குப்பிள்ளை | மே 20, இரவு 10:15

முடியாது.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஈரோட்டில் இருபது ஆண்டுகளாக வணிகர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். மஞ்சள் மண்டி, ஜவுளிக் கடை, எண்ணெய் ஆலை, கோழிப்பண்ணை என எல்லோருடைய பேரேடும் என் மேசைக்கு வந்திருக்கிறது. ஓவியம் வாங்கியதாக ஒருவர் கூட ஒரு வரி எழுதியதில்லை. நாட்காட்டி அச்சடித்ததாக எழுதியிருக்கிறார்கள். அப்பா சொல்வதைக் கேளுங்கள்.

நொய்யல்கரை | மே 20, இரவு 11:02

கணக்குப்பிள்ளை ஐயாவின் பேரேட்டில் வராத ஒரு சங்கதி இருக்கிறது. நான் திருப்பூரில் துணி அச்சுப் பட்டறையில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். கையால் அச்சடிக்கும் மேசையில் ஆரம்பித்து, இப்போது வண்ணப் பிரிப்பைப் பார்க்கிறேன்.

ஒரு பனியன் நெஞ்சில் கிளிப் படம் இருக்கிறது, ஆறு நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நிறத்துக்கு ஆறு ஸ்கிரீன், அதாவது மை இறங்கும் வலைச்சட்டம். ஒவ்வொரு ஸ்கிரீனும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அறியும். கிளியின் பச்சை எங்கே முடிகிறது, அதன் அடியில் மஞ்சள் எவ்வளவு நுழைந்திருக்க வேண்டும், எந்த நிறம் முன்னால் விழ வேண்டும், துணியின் நிறத்தையே ஒரு நிறமாக எங்கே விட்டுவிடலாம் என்பதையெல்லாம் அச்சடிப்பதற்கு முன்பே ஒருவர் மனத்துக்குள் அடுக்கிப் பார்க்க வேண்டும். கணினி பிரித்துத் தரும் என்பார்கள். தரும். அதை அப்படியே ஓட்டினால் ஆறில் முடிய வேண்டியது பதினொரு நிறமாக வந்து நிற்கும், அல்லது கிளியின் கண் அடைந்துபோகும். நிறம் ஒன்று குறைந்தால் ஸ்கிரீன் ஒன்று குறைகிறது. செலவு மிச்சமாவது அந்த இடத்தில்தான்.

துகிலியல் படித்த பிள்ளைகள் எங்களிடம் வேலைக்கு வருகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். பூ அழகாக வரைவார்கள். உருளையாகச் சுழலும் ரோட்டரி ஸ்கிரீனின் சுற்றளவு 64 சென்டிமீட்டர், ஆகவே மீண்டும் மீண்டும் வரும் வடிவம் சரியாக 64 ஆக இருக்க வேண்டும் அல்லது அதை மிச்சமின்றி வகுக்க வேண்டும் என்று முதல் நாள் சொல்வேன். பாதிப் பேர் 50 சென்டிமீட்டரில் வரைந்துகொண்டு வந்து நிற்பார்கள். அது பத்து நாளில் சரியாகிவிடும். அடுக்கிப் பார்க்கும் மனம் பத்து நாளில் வராது. கல்லில் வரைந்தும் மரத்தைச் செதுக்கியும் பல நிறப் பதிப்பு எடுத்துப் பழகிய ஒரு பெண் எங்களிடம் இரண்டு ஆண்டு இருந்தார். முதல் வாரமே எனக்கு எதிர்க்கேள்வி கேட்டார். அது என்ன பிரிவு என்று அதற்குப் பிறகுதான் நான் விசாரித்தேன்.

பதிப்போவியமும் எங்கள் பட்டறையும் பங்காளிகள் அம்மணி. பாகம் பிரிந்து நாளாகிவிட்டது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை | மே 21, காலை 7:30

பட்டறைதான் கதி என்றால் துகிலியலே நேர்வழி ஆயிற்றே? ஈரோட்டிலிருந்து கோபி போக எதற்குச் சத்தியமங்கலத்தைச் சுற்ற வேண்டும்?

அதுவும் சாயத்தொழிலை நம்பியா? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எத்தனை பேர் கணக்கை முடித்துக்கொண்டு போனார்கள் என்று எனக்குத் தெரியும்.

நொய்யல்கரை | மே 21, காலை 8:05

மூடச் சொன்னது சாயநீரை ஆற்றில் விட்டதற்காக. என் பெயரிலேயே அந்த ஆறு இருக்கிறது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே என் மாமனார் வீட்டுத் தென்னை என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற விதிக்குப் பிறகுதான் இந்தத் தொழிலில் இருப்பதைப் பற்றி வெளியே சொல்லவே முடிகிறது. அதைத் தொழில் செத்ததற்குச் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள்.

மட்டுறுத்துநர் | மே 21, காலை 8:20

நொய்யலுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போகலாம். இங்கே ஒரு மாணவி கேள்வி கேட்டிருக்கிறார்.

வண்ணக்கிறுக்கி | மே 21, பகல் 1:10

கோவையிலிருந்து எழுதுகிறேன். வண்ண ஓவியப் பிரிவில் படித்தவள்.

தங்கச்சி, "கை நடுங்குகிறது" என்பதை ஒரு காரணமாக எழுதியிருக்கிறாய். எனக்கும் நடுங்கியது. இன்றும் நடுங்குகிறது. பிடிக்காத பொருளின் முன் கை நடுங்காது, சலித்துப்போகும். ஆகவே அதை வைத்து வண்ண ஓவியத்தைத் தள்ளாதே. தள்ள வேண்டுமென்றால் வேறு காரணத்தோடு தள்ளு.

நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். முதலாண்டில் வண்ணத்தில்தான் அதிக மதிப்பெண். கூடவே, மற்ற பிரிவுகள் எல்லாம் கைத்தொழில், இதுதான் கலை என்றொரு மிதப்பு வகுப்பில் இருந்தது. அந்த மிதப்பில் நான்காண்டு போயிற்று. களிமண் அறைப் பக்கம் ஒரு நாள் கூடப் போகவில்லை. இப்போது வருந்துகிறேன்.

அந்த மிதப்புக்குச் சரித்திர ஆதாரமும் கிடையாது. சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-இல் எப்படி எழுந்தது? ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். ஓவியம் விற்காத காலத்தில் ஓவியரைக் காப்பாற்றியது துணிதான்.

பதிப்போவியத்தில் என்னதான் செய்ய முடியும் என்று பார்க்க வேண்டுமானால் சோமநாத் ஹோரைத் தேடிப் பார். சாந்திநிகேதனின் கலாபவனத்தில் பதிப்போவியத் துறையில் இருந்தவர். 'காயங்கள்' என்ற வரிசையில் மையே இல்லை. காகிதக் கூழை அச்சில் படியவைத்து, வெள்ளை மேல் வெள்ளையாக ஆறாத தழும்பு போல எழுப்பியிருப்பார். அதைப் பார்த்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பூந்துறை வாத்தியார் | மே 21, மாலை 6:45

அரசுப் பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். பகுதிநேரம். 2012-இல் எங்களை எடுத்தபோது மாதம் 5,000 ரூபாய். இப்போது கூடியிருக்கிறது, ஆனால் அந்த எண்ணைச் சொல்லி உங்கள் மனத்தைக் கலைக்க விருப்பமில்லை. எனவே முதல் வேண்டுகோள்: எதற்கும் இருக்கட்டும், ஆசிரியர் வேலை கிடைக்கும் என்ற நினைப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது வந்தால் வரட்டும்.

கலை எது, கைத்தொழில் எது என்ற வழக்கு நம் நாட்டில் கொஞ்சம் வேடிக்கையானது. சென்னைக் கலைப்பள்ளியை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர், ஓர் அறுவை மருத்துவர். இரண்டு ஆண்டில் அரசு அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. அப்போது அதன் பெயரிலேயே தொழிற்கலை இருந்தது. 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்த பிறகுதான் ஓவியமும் சிற்பமும் முன்வரிசைக்கு வந்தன. இன்று அங்கே வண்ணம், சிற்பம், பதிப்போவியம், சுடுமண், துகிலியல், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு எல்லாம் அடுத்தடுத்த அறைகள்.

அறை மாறி அறை போனவர்களும் நிறைய. காந்தியைக் கருப்புக் கோடுகளில் வரிசையாக வரைந்த ஆதிமூலம் வண்ண ஓவியம் படித்தவர், நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். தமிழ்ப் புத்தக அட்டைகளுக்கும் பத்திரிகைத் தலைப்புகளுக்கும் அவர் எழுதிய எழுத்து தனியாகத் தெரியும். ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் பம்பாயில் கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்துவிட்டு வடோதராவுக்குத் திரும்பி, பொம்மை செய்தார், கண்ணாடியில் எழுதினார், சுடுமண்ணில் சுவர் எழுப்பினார். படிவத்தில் எழுதும் ஒரு சொல் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம்.

ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடுகிறேன், இங்கே படிக்கும் பெற்றோருக்காக. நம் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் இருக்கும் மூன்றாண்டு இளம் அறிவியல் 'விஸ்காம்' வேறு, நான்காண்டுக் கவின்கலைப் பட்டத்துக்குள் வரும் காட்சிவழித் தகவல் வடிவமைப்பு வேறு. முன்னதில் கேமராவும் படத்தொகுப்பும் அதிகம், பின்னதில் எழுத்துருவும் பக்க அமைப்பும் விளக்கப்படமும் அதிகம். துகிலியலும் அப்படித்தான். சேலத்தில் 1960 முதல் இருக்கும் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் தறியையும் நூலையும் சாயத்தையும் தொழில்நுட்பமாகக் கற்பிக்கிறது. ஓவியக் கல்லூரித் துகிலியல் வடிவத்திலிருந்து தொடங்குகிறது. பெயர் ஒன்றாக ஒலிக்கிறது என்று ஏமாறாதீர்கள்.

அம்மணி கோவை வந்தால் அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்துக்கு அப்பாவையும் அழைத்துப் போங்கள். ஓவியக் கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. வாதாடுவதற்கு நல்ல இடம்.

கல்லுளி | மே 22, இரவு 8:30

திருமுருகன்பூண்டியில் சிலைப் பட்டறை. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசுக் கல்லூரியில் மரபுச் சிற்பம் படித்தேன். எழுத்து எனக்குக் கல்லை விடக் கடினம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறு வயதில் என் அப்புச்சி உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கல் சமயத்தில் கூட்டிப் போவார். மாடு கன்று நோயில்லாமல் இருக்க உருவாரம் வைப்பார்கள், தெரியும்தானே. மண்ணில் செய்த மாடுகள் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பித்துப் பிடித்தது. கல்லூரியில் சேரும்போது நான் நினைத்தது: சிற்பி என்றால் கண் திறப்பவன். அந்தக் கடைசி உளி மட்டும்தான் மனத்தில் இருந்தது.

நான்கு அடி அம்மன் சிலைக்குக் கண் வைக்க ஒரு காலைப்பொழுது போதும். அதற்கு முன்னால் இரண்டு மாதம் இருக்கிறது. வேண்டாத கல்லைத் தட்டுவது, முனை மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி அடித்துக் கூராக்குவது, தூசியைத் தின்பது, மறுபடி தட்டுவது. என்னோடு படித்தவர்களில் என்னை விடக் கைத்திறன் உள்ளவர்கள் மூன்று பேர் இந்த வேலையை விட்டுவிட்டார்கள். கண் அவர்களுக்கும் நன்றாக வந்தது. தட்டுவதுதான் பிடிக்கவில்லை. எனக்குத் தட்டுவது பிடிக்கும். ஏன் என்று கேட்டால் தெரியாது. அந்தச் சத்தத்தில் என்னவோ ஒரு நிம்மதி.

நீங்கள் தாளை உரிக்கும் நொடியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது கண் திறப்பது. தட்டுவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

சென்னிமலை இழை | மே 24, பகல் 11:50

இரண்டு நாளாகக் கல்லுளி அண்ணன் கேட்டதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன்.

துகிலியல் அறையில் ஜக்காடுக்காக (தறியில் பூவேலை நெய்யும் கருவி) கட்டத்தாளில் வடிவம் நிரப்பச் சொன்னார்கள். ஒரு கட்டம் என்பது பாவு நூலும் ஊடு நூலும் சந்திக்கும் ஒரு புள்ளி. முதல் நாள் ஆர்வமாகச் செய்தேன். மூன்றாம் நாள் பக்கத்திலிருந்த தோழிக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்து என் பங்கையும் நிரப்ப வைத்தேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை, தறிக்காரர் மகள் என்று ஆசிரியர்கள் என் மேல் வைத்திருந்த மதிப்பு போய்விடும் என்று வெளியிலும் சொல்லவில்லை.

பதிப்போவிய அறையில் தகடு துடைப்பதுதான் எல்லோருக்கும் ஆகாத வேலை. கஞ்சி போட்ட மெல்லிய துணியைப் பந்தாகச் சுருட்டி வட்டமாகத் துடைக்க வேண்டும். அதிகம் துடைத்தால் கோட்டுக்குள் இருக்கும் மையும் வந்துவிடும், குறைவாகத் துடைத்தால் படம் முழுக்கப் புகை படிந்ததுபோல் ஆகும். கடைசியில் வெறும் உள்ளங்கையால் துடைக்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் முதலிலிருந்து இதே வேலை. மூன்று வாரத்தில் என் தகடு தவிர நான்கு பேருடைய தகட்டையும் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கேட்டதால் இல்லை, நானே வாங்கித் துடைத்தேன். நகக்கண்ணில் கருப்பு போகவேயில்லை. ஊருக்கு வந்தபோது அம்மா எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துப் பார்த்தார்.

நேற்று அப்பா அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் முகத்தில் சலிப்பே இல்லை. நான் இந்தத் துடைக்கிற கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த இழையை எடுத்தார். அந்தச் சரிக்கு என்ன பொருள் என்று இன்னும் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை | மே 24, பகல் 2:00

தகடு துடைப்பது பிடிக்கும் என்பது ஒரு வருமானத் தலைப்பு ஆகாது. ஆனால் கட்டம் நிரப்புவதை மூன்றாம் நாளே கைமாற்றிய ஆளைத் துகிலியலில் சேர்த்தால் நட்டக் கணக்குத்தான். அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

கோபி அச்சகம் | மே 25, காலை 10:20

எங்கள் கடையில் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு இயந்திரம் ஒன்று இருக்கிறது. 1990கள் வரை கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அதில்தான். ஆஃப்செட் வந்தபின் பின்கட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஈய எழுத்தை எடைக்குப் போட்டாயிற்று, இயந்திரத்தைப் போட மனம் வரவில்லை. எண்ணெய் விட்டால் ஓடும். மாணவி வந்து பழகிக்கொள்ளலாம், காசு வேண்டாம்.

வண்ணக்கிறுக்கி | மே 25, காலை 11:00

ஐயா, பெரிய மனது. தங்கச்சிக்கு ஒரு குறிப்பு: டிரெடிலில் உலோகத் தகட்டுப் பதிப்பு எடுக்க வராது. அதற்குக் கோட்டின் பள்ளத்துக்குள் தாளை அழுத்தும் உருளையும் கம்பளியும் வேண்டும். டிரெடில் மேட்டிலிருந்து மை எடுப்பது. மரச்செதுக்கோ லினோவோ (செதுக்க இளகலான விரிப்பு) செய்துகொண்டு போ. கட்டையோடு சேர்த்து உயரம் ஈய எழுத்தின் உயரத்துக்கு, அதாவது 23.3 மில்லிமீட்டருக்குச் சரியாக வர வேண்டும். ஒட்டுப்பலகையில் ஒட்டி, அடியில் தாள் கொடுத்துச் சரிசெய்.

இன்னொன்று: வீட்டில் அமிலம் வைத்துக்கொண்டு எதையும் முயன்று பார்க்காதே. தறி வீட்டில் நூல், பஞ்சு, குழந்தைகள். கல்லூரியில் புகைபோக்கியோடு செய்கிற வேலை அது.

சென்னிமலை இழை | ஜூன் 3, இரவு 9:15

ஞாயிற்றுக்கிழமை கோபி போய்வந்தோம். அப்பாவும் வந்தார். நான் கூப்பிடவில்லை, காலையில் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

எங்கள் தறியை லினோவில் செதுக்கியிருந்தேன், கீழே 'சென்னிமலை' என்று எழுத்து. அச்சக ஐயா மையைத் தட்டில் பரப்பி, அப்பாவைச் சக்கரத்தைப் பிடிக்கச் சொன்னார். கால் கட்டையை மிதிக்கத் தொடங்கியதும் அப்பாவுக்குத் தாளம் உடனே பிடிபட்டுவிட்டது. தறி மிதிக்கிற கால் அல்லவா! அதற்குப் பிறகு இறங்க மறுத்துவிட்டார். நான் தாள் வைக்க வேண்டியிருந்தது, விரலை எடுத்தேனா என்று ஒவ்வொரு முறையும் அச்சக ஐயா கத்திக்கொண்டிருந்தார். பன்னிரண்டு தாள் எடுத்தோம்.

முதல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அப்பா சொன்னது: "தறி நன்றாக இருக்கிறது. ஊர்ப் பெயர் தலைகீழாக இருக்கிறது." கட்டையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க மறந்துவிட்டேன். முதலாண்டில் இதற்காகவே மற்றவர்களைக் கேலி செய்தவள் நான். இன்னொன்றும் சொன்னார்: படத்தில் தறியின் படைமரம் இடப்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் வந்திருக்கிறதாம், எங்கள் தறியை அந்தப் பக்கமிருந்து பார்க்க முடியாதாம், அங்கே சுவர் இருக்கிறதாம்.

படிவத்தில் முதல் விருப்பம் பதிப்போவியம், இரண்டாவது துகிலியல். பெற்றோர் கையெழுத்து விழுந்துவிட்டது. விடுமுறை நாட்களில் நொய்யல்கரை ஐயாவின் பட்டறைக்கு வந்து ஸ்கிரீன் வேலை பழகலாமா?

நொய்யல்கரை | ஜூன் 3, இரவு 9:40

தீபாவளிக்கு முந்தைய மாதம் வராதீர்கள், யாருக்கும் பேச நேரமிருக்காது. பொங்கலுக்குப் பிறகு வாருங்கள். பழைய சட்டை போட்டுக்கொண்டு வரவும்.

கல்லுளி | ஜூன் 3, இரவு 10:05

அப்பா சொன்ன சுவர்க் குறிப்பு அருமை.

கணக்குப்பிள்ளை | ஜூன் 4, காலை 7:10

பன்னிரண்டில் ஒன்று எனக்கு வேண்டும். விலை சொல்லுங்கள், ரசீதும் வேண்டும்.

சென்னிமலை இழை | ஜூன் 4, காலை 7:45

150 ரூபாய் ஐயா. 3/12 என்று எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 4, காலை 7:52

ஊர்ப் பெயர் தலைகீழாக இருக்கிறதே, தள்ளுபடி ஏதும் உண்டா?